லித்தியத்தை நிறுத்திவிட்டு கெட்டமைன் ஊசிக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். தம்பிக்கு 29 வயது, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை. மூன்று வருடம் முன்னால் தை முகூர்த்த சமயத்தில் தூக்கமே இல்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, கையில் இல்லாத பணத்துக்கு உசிலம்பட்டி விவசாயிகளிடம் மல்லிகைக்கு அட்வான்ஸ் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். நாலு பேர் பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பைபோலார், அதாவது மனம் அளவுக்கு மீறிய உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகிற நோய் என்றார்கள். லித்தியம் 300, ராத்திரி மூன்று மாத்திரை. நன்றாகத்தான் இருந்தான். புரட்டாசியிலிருந்து படுத்த படுக்கைதான். குளிப்பதில்லை, "நான் இருந்து என்னக்கா பிரயோஜனம்" என்கிறான். கை நடுங்குகிறது என்று ஒரு மாத்திரையை அவனே குறைத்துக்கொண்டான். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிறான். பக்கத்து டாக்டர் எழுதிக் கொடுத்த எஸ்சிடலோப்ராம் ஒரு மாதமாக ஓடுகிறது. இப்போது யூடியூபில் பார்த்துவிட்டு, "கெட்டமைன்னு ஒரு ஊசி, ஒரே நாளில் சரியாகிடும், லித்தியத்தை விட்டுட்டு அதுக்குப் போறேன்" என்கிறான். ஆஸ்பத்திரியில் ஷாக் வைப்பது பற்றிச் சொன்னார்கள், பயமாக இருக்கிறது. சித்தப்பா பாண்டி கோயிலுக்குக் கூப்பிடுகிறார். அம்மா ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைக்கலாம் என்கிறார். என் மகளுக்கு எட்டு வயது, அவளுக்கும் வருமா? கடைசி ரத்த ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், திருமங்கலம் வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஊசியைப் பற்றிப் பிறகு பேசலாம். "இருந்து என்ன பிரயோஜனம்" என்று தம்பி சொன்னதை நீங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகலாம்னு தோணுதாடா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று எல்லா வீட்டிலும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே பலருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். "ஆமாம்" என்றோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டோ விட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் பொறுக்க வேண்டாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அவசர சிகிச்சைப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும். போகும்வரை தனியாக விடாதீர்கள். ராத்திரி யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கக் கூடாது. லித்தியம் அட்டை உங்கள் கையில் இருக்கட்டும், அன்றாட மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

இனி ரிப்போர்ட். லித்தியம் 0.4 என்று போட்டிருக்கிறது. தேதியைப் பார்த்தீர்களா? பத்து மாதம் பழையது. பைபோலார் திரும்ப வராமல் இருக்க ரத்தத்தில் 0.6-லிருந்து 0.8 வரை, சிலருக்கு 1.0 வரை இருக்க வேண்டும். 1.2-ஐத் தாண்டினால் கவனம், 1.5-க்கு மேல் போனால் ஆபத்து. தம்பி முழு அளவு சாப்பிட்டதாக நீங்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்திலேயே 0.4. அதற்குப் பிறகு ஒரு மாத்திரையை வேறு குறைத்திருக்கிறார். அப்படியானால் இன்னும் இறங்கியிருக்க வேண்டும். ஆனால் மெடிக்கலில் வாங்கும் இடுப்பு வலி மாத்திரை டைக்லோஃபினாக், ஐபுபுரூஃபன் வகையாக இருந்தால் (பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள்), சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதை அது தடுத்து அளவை ஏற்றிவிடும். ஆக, இன்றைக்கு உங்கள் தம்பி ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லித்தியம் கேட்கவில்லை என்று முடிவுகட்டும் கட்டத்துக்கு நாம் இன்னும் வரவே இல்லை.

ரத்தம் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டால் காலை ஒன்பது மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும், பன்னிரண்டு மணி நேரம். காலையிலும் மாத்திரை இருக்கிறவர்கள் அதைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் அளவு கூடத் தெரியும், டாக்டர் மருந்தைக் குறைப்பார், மூன்று மாதத்தில் நோய் திரும்பி நிற்கும். லேபில், "கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி எழுதச் சொல்லுங்கள். அதோடு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு, கால்சியம் மூன்றையும் பார்த்துவிடலாம். லித்தியம் தொடர்கிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இது வேண்டும்.

கை நடுக்கம் பெரிய விஷயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பூக்கடையில் தராசு பிடிக்கிற கை. டீ கிளாஸைத் தூக்கும்போது நாலு பேர் பார்ப்பார்கள், குடிகாரன் என்று நினைப்பார்கள். இதனாலேயே லித்தியத்தை விட்டவர்கள் உண்டு. ஆனால் மெல்லிய நடுக்கத்துக்கு வழி இருக்கிறது: அளவைச் சரிசெய்யலாம், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாம், ப்ரொப்ரனலால் சேர்க்கலாம். டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நடுக்கம் கை முழுதும் உதறுகிற மாதிரி ஆகி, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், தள்ளாட்டம் வந்தால் அது வேறு கதை. மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ஏறும். நம் ஊர் சித்திரை வெயிலில் மூட்டை தூக்குகிறவருக்கும், பழனிக்குப் பாதயாத்திரை நடக்கிறவருக்கும், பேதி வந்து படுத்தவருக்கும் இது பொருந்தும். பிரஷருக்கு நல்லது என்று திடீரென்று உப்பைக் குறைப்பதும் கூடாது. இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

எஸ்சிடலோப்ராம் நல்ல மருந்துதான், மனச்சோர்வு மட்டும் உள்ளவர்களுக்கு. பைபோலாரில் வரும் சோர்வு வெளியே பார்க்க அதே மாதிரி இருக்கும், நடத்தை வேறு. மூட் ஸ்டெபிலைசர், அதாவது மனநிலையை இரண்டு பக்கமும் போகாமல் பிடித்துவைக்கும் லித்தியம் மாதிரி மருந்து, போதுமான அளவில் இல்லாதபோது மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மேனியா (மூன்று வருடம் முன்னால் தம்பிக்கு வந்த அந்த உச்ச நிலை) பக்கம் தூக்கிவிட்டுவிடும். சரி, லித்தியம் மாதிரி ஒன்று ஓடும்போது கூடச் சேர்த்தால் லாபம் உண்டா? 2007-ல் வந்த அமெரிக்க ஆய்வில் 366 பேரிடம் பார்த்தார்கள். மனச்சோர்வு மாத்திரை சேர்த்தவர்களில் நிலைத்துக் குணமானது 23.5 சதவீதம், வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 27.3. மேனியாவைக் கிளப்பவும் இல்லை, பெரிதாக உதவவும் இல்லை. பக்கத்து டாக்டரிடம் மூன்று வருடத்துக்கு முந்தைய கதையைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பைபோலார் சோர்வுக்கென்றே சோதித்துப் பார்த்த மருந்துகள் இருக்கின்றன: குவெடியாபின், லுராசிடோன், திரும்ப வராமல் காக்க லாமோட்ரிஜின். லித்தியம் அளவு சரியான பிறகும் எழுந்திருக்கவில்லை என்றால் உங்கள் மனநல டாக்டர் இவற்றில் ஒன்றைச் சேர்ப்பார்.

இப்போது அந்த ஊசி. யூடியூப்காரர் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார். கெட்டமைன் ஆபரேஷன் தியேட்டர்களில் பல காலமாக இருக்கிற மயக்க மருந்து. குறைந்த அளவில், கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் நாற்பது நிமிடம் நரம்பில் ஏற்றினால் மனச்சோர்வு சில மணி நேரத்தில் குறைகிறது என்று 2000-ல் யேல் பல்கலைக்கழகத்தார் ஏழே பேரை வைத்து எழுதினார்கள். 2006-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் அதை உறுதிசெய்தது. மற்ற மாத்திரைகள் வேலைசெய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும்போது, காலையில் ஏற்றி மாலையில் ஒருவர் "சாப்பிட என்ன இருக்கு" என்று கேட்பது என்பது எங்கள் துறையில் யாரும் எதிர்பாராதது. செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தைச் சுற்றியே ஐம்பது வருடம் ஓடிய ஆராய்ச்சி குளுட்டமேட் என்ற இன்னொரு ரசாயனத்தின் பக்கம் திரும்பியது இதனால்தான். 2019-ல் அதன் உறவு மருந்தான எஸ்கெட்டமைனை மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக அமெரிக்கா அனுமதித்தது. அதையும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதில்லை. பிரஷர் ஏறும், உடம்பு வேறு நான் வேறு என்பது போல ஒரு மிதப்பு வரும் என்பதால் மருத்துவமனையிலேயே இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்கிறார்கள்.

பாதியை விட்டது எங்கே என்றால், இந்த ஆய்வுகள் யாரிடம் நடந்தன என்பதில். ஸ்ப்ரேவுக்கு அனுமதி வாங்கித் தந்த பெரிய ஆய்வுகளில் பைபோலார்காரர்களைச் சேர்க்கவே இல்லை. பைபோலாரில் பார்த்தவை சின்னச் சின்ன ஆய்வுகள். 2010-ல் வந்ததில் 18 பேர். நாற்பது நிமிடத்தில் பலன் தெரிந்தது, உண்மை. மூன்று நாள் வரை தெளிவாக நின்றது. அந்த 18 பேரும் அப்போது என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? லித்தியம், அல்லது வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மூட் ஸ்டெபிலைசர். அதைச் சரியான அளவில் வைத்துக்கொண்டுதான் மேலே கெட்டமைன் ஏற்றினார்கள். லித்தியத்தை விட்டுவிட்டு ஊசிக்குப் போவது என்று உங்கள் தம்பி சொல்கிற முறையில் யாரும் அதைச் சோதித்ததில்லை. கண்மாய்க் கரையை வெட்டிவிட்டு, புகுந்த தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பேன் என்கிற கதை அது.

பைபோலாரில் ஒரு மருந்தை நான் எடைபோடுவது அது எத்தனை மணி நேரத்தில் தூக்கிவிடுகிறது என்பதை வைத்தல்ல. அடுத்த தை, அதற்கடுத்த தை எப்படிப் போகிறது என்பதை வைத்து. அந்தப் பரீட்சையில் லித்தியம் உட்கார்ந்து எழுதிப் பாஸான மருந்து. தற்கொலையைக் குறைக்கிறது என்பதற்கு மற்ற எந்த மூட் ஸ்டெபிலைசரையும் விட வலுவான சான்று அதற்குத்தான். கெட்டமைனுக்கு அந்தப் பரீட்சை இன்னும் நடக்கவில்லை. லித்தியத்தில் பெரிய லாபம் யாருக்கும் கிடையாது, பூமியில் கிடைக்கிற உப்பு, பேடன்ட் எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ அதைப் பற்றி யூடியூபில் பரபரப்பாகப் பேச ஆள் இல்லை.

லித்தியம் மேனியாவை அடக்கும் என்று இந்தக் காலத்துக்கு எடுத்துக்காட்டியவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர். 1949-ல் பத்து மேனியா நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை எழுதினார். அவருடைய முதல் நோயாளி ஐந்து வருடமாக ஓயாத மேனியாவில் வார்டில் கிடந்தவர். சில வாரத்தில் தெளிந்தார், வீட்டுக்குப் போனார், வேலைக்கும் போனார். போன இடத்தில் மருந்தை நிறுத்திவிட்டார். நோய் திரும்பியது, மறுபடி வார்டு, மறுபடி லித்தியம். 1950-ல் லித்தியம் உடம்பில் மிஞ்சியதால்தான் இறந்தார். ரத்தத்தில் அளந்து பார்த்துக் கொடுக்கும் பழக்கம் அப்போது வரவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும், அளக்காமல் சாப்பிட்டால் என்ன ஆகும் இரண்டும் அந்த ஒரு மனிதரிடமே தெரிந்துவிட்டது. உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அறிவுரை மாதிரி இல்லாமல். சட்டென்று நிறுத்தினால் அடுத்த சில மாதங்களில் மேனியா வர வாய்ப்பு அதிகம், தற்கொலை ஆபத்தும் கூடும். எப்போதாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றாலும் வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில், படிப்படியாக.

ஷாக் வைப்பதைப் பற்றிய பயம் சினிமாவிலிருந்து வந்தது. டாக்டர்கள் அதை ஈ.சி.டி. என்போம்; 1938-ல் ரோமில் தொடங்கிய சிகிச்சை, ஆரம்பகாலத்தில் மயக்கம் கொடுக்காமல்தான் செய்தார்கள் என்பது நிஜம். நம் நாட்டில் 2017-ம் வருட மனநலச் சட்டப்படி மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுப்பது தடை. தம்பிக்கு ஊசி போட்டது தெரியும், விழித்தது தெரியும், நடுவில் எதுவும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு தடவை தேவைப்படலாம். சிகிச்சை நடந்த வாரங்களின் ஞாபகங்கள் மங்கலாகலாம், சிலருக்கு அதற்கு முந்தையவையும். அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் சாப்பாடு தண்ணீர் இறங்காமல், சாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிற நிலை வந்தால் என் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் ஈ.சி.டி.க்குத்தான் கையெழுத்துப் போடுவேன்.

கெட்டமைனையும் ஈ.சி.டி.யையும் நேருக்கு நேர் வைத்தும் பார்த்துவிட்டார்கள். 2023-ல் வந்த அமெரிக்க ஆய்வில் கெட்டமைனில் 55 சதவீதம் பேருக்குப் பலன், ஈ.சி.டி.யில் 41. அதற்கு முந்தைய வருடம் ஸ்வீடனில் வார்டில் சேர்க்கும் அளவுக்கு முற்றியவர்களிடம் பார்த்தபோது தலைகீழ்: நோய் முழுதாக விலகியது ஈ.சி.டி.யில் 63 சதவீதம் பேருக்கு, கெட்டமைனில் 46. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது என்றே நான் படிக்கிறேன். இரண்டுமே முக்கியமாகப் பைபோலார் அல்லாத மனச்சோர்வில் நடந்தவை.

காந்தத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சையும் உங்கள் காதுக்கு வரும், அதனால் ஒரு வார்த்தை. பெரிய வலி இல்லாதது, மயக்கம் வேண்டாம், 2008-லிருந்து அமெரிக்காவில் அனுமதி. வழக்கமான முறையில் வாரத்தில் ஐந்து நாள், நாலு முதல் ஆறு வாரம் போக வேண்டும். ஒரே நாளில் பத்து முறை, ஐந்தே நாளில் முடிக்கும் ஸ்டான்ஃபோர்டு முறைக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. பைபோலாரில் சான்று இன்னும் மெலிவு.

இன்னொன்று, இளவட்டங்கள் சொல்வார்கள் என்பதால்: கொடைக்கானல் போதைக் காளான். அதிலுள்ள சைலோசைபினை மனச்சோர்வுக்கு மேல்நாட்டில் ஆராய்கிறார்கள், ஆஸ்திரேலியா 2023-ல் டாக்டர் மேற்பார்வையில் அனுமதித்தும்விட்டது. அந்த ஆய்வுகளிலிருந்து பைபோலார் உள்ளவர்களைத் தள்ளித்தான் வைக்கிறார்கள், மேனியாவைக் கிளப்பும் என்று. இங்கே சட்டவிரோதம் வேறு. தம்பியை அந்தக் கூட்டத்தோடு மலை ஏற விடாதீர்கள்.

பாண்டி கோயிலுக்குச் சித்தப்பா கூட்டிப் போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. போகிற அன்றைக்கும் ராத்திரி மாத்திரை உண்டு. ராத் தங்கல் மட்டும் வேண்டாம்.

ஏன் ராத் தங்கலை இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த நோயில் தூக்கம்தான் திரி. பூ மார்க்கெட் வேலை எனக்குத் தெரியும், நடுச்சாமத்தில் எழுந்து போய் வண்டி இறக்க வேண்டும், முகூர்த்த நாளில் படுக்கவே நேரம் இருக்காது. மார்கழி, தையில் பனியால் வரத்துக் குறைந்து மல்லிகை விலை எகிறும்போது சாதாரண ஆளுக்கே தலை கிறுகிறுக்கும். மூன்று வருடம் முன்னால் தம்பிக்கு வந்ததும் தை முகூர்த்தத்தில்தான். தூக்கம் கெட்டதால் மேனியா வந்ததா, மேனியா வந்ததால் தூக்கம் போனதா என்று பிரிக்க முடியாது, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிவிடும். எழுவது, சாப்பிடுவது, படுப்பது மூன்றும் தினமும் ஒரே நேரத்தில் நடக்கும்படி பழக்குவதையே ஒரு சிகிச்சையாக பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் குழுவினர் உருவாக்கினார்கள். 2005-ல் வந்த அவர்கள் ஆய்வில், நோய் தீவிரமாக இருந்தபோதே இதைப் பழகியவர்கள் நோய் மறுபடி வராமல் அதிக நாள் தாக்குப்பிடித்தார்கள். எழுந்து வேலைக்குப் போகிற நிலை வந்ததும் கடை முதலாளியிடம் நீங்களே பேசுங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "ராத்திரி வேலை டாக்டர் வேண்டாங்கிறார், பகல்ல கணக்கு எழுத வைங்க" என்றால் போதும்.

மகளைப் பற்றி: பைபோலார் உள்ளவரின் பிள்ளைகள், கூடப் பிறந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து. பொதுஜனத்தில் நூற்றுக்கு ஒன்று. தாய்மாமன் என்பது அதற்கு அடுத்த வட்டம், அதனால் இன்னும் குறைவு. முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, யாராவது ஜீன் டெஸ்ட் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மரபணு ஆராய்ச்சி நடக்கிறது. 2015-ல் அமெரிக்காவில் ஒரு குழு பைபோலார் நோயாளிகளின் தோல் செல்லிலிருந்து நரம்பணுக்களை வளர்த்துப் பார்த்தது. அவை அளவுக்கு மீறித் துடித்தன. லித்தியம் கேட்கிற நோயாளிகளிடமிருந்து வளர்த்த அணுக்கள் மட்டும் லித்தியம் போட்டதும் அடங்கின. யாருக்கு எந்த மருந்து என்று முன்னாலேயே சொல்லும் நாள் அந்த வழியில் வரலாம். இன்றைக்கு அது லேபுக்குள்தான். மகள் எட்டு வயதுக்குரிய நேரத்தில் தூங்கட்டும், மாமாவுக்கு என்ன என்று கேட்டால் உடம்பு சரியில்லை, மாத்திரை சாப்பிடுகிறார் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

கல்யாணம்: இப்போது பேச்சே எடுக்க வேண்டாம். படுக்கையில் கிடக்கிற பையனுக்கு மாப்பிள்ளை வேஷம் போட்டால் அவனும் தவிப்பான், வருகிற பெண்ணும் தவிப்பாள். ஒரு வருடமாவது நிலையாக இருக்கட்டும், சம்பாதிக்கட்டும், பிறகு அவனே கேட்டால் தாராளமாகப் பாருங்கள். பைபோலாரோடு நன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் பூ வைக்கிறதற்கு முன்னாலேயே பெண் வீட்டாரிடமும், தனியாக அந்தப் பெண்ணிடமும் சொல்லிவிட வேண்டும். மறைத்துச் செய்தால் சீக்கிரமே தெரிந்துவிடும், தெரிந்த பிறகு கோர்ட்டு வரைக்கும் போகும். அம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள், பழைய ரிப்போர்ட், இடுப்பு வலி மாத்திரை அட்டை, எஸ்சிடலோப்ராம் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு.